புதுப்பிப்பு: ஒரே ஈற்றில் பிறந்த இரு கோல்டன்டூடுல் (கோல்டன் ரெட்ரீவர், பூடுல் கலப்பின நாய்) குட்டிகளின் எடை வேறுபாடு

நான்கு மாத வயதில் ஆண் குட்டி 13 கிலோவும் பெண் குட்டி 9 கிலோவும் இருந்ததால் சிறியவளுக்குத் தீனி போதவில்லையோ என்று கேட்டிருந்தேன், பதிலளித்தவர்களுக்கு நன்றி. எடையை ஒப்பிடாமல் விலா எலும்பைத் தடவிப் பார்க்கச் சொன்ன யோசனையே பலித்தது. அவளுடைய விலா எலும்புகள், அளவான எடையுள்ள குட்டிக்கு இருப்பதுபோலவே, எளிதில் கைக்குத் தட்டுப்பட்டன; நான் எதிர்பாராதது என்னவென்றால், அடர்ந்த சுருள்முடிக்குள் கொழுப்பை மறைத்து வைத்திருந்தவன் பெரியவன்தான். கால்நடை மருத்துவரும் இதை உறுதிசெய்து, பெரிய இனக் குட்டிகளுக்கான உணவை மூன்று வேளையும் அளந்து வைக்கச் சொன்னதோடு, நான் ஆசையாகக் கலந்துவந்த கால்சியம் பொடியை, மிகுந்தால் வளரும் எலும்பைக் கெடுக்கும் என்று நிறுத்திவிட்டார். ஏழு மாதமான இப்போது அவன் 21 கிலோ, அவள் 16 கிலோ. இருவருக்கும் மேலிருந்து பார்த்தால் இடை தெரிகிறது.