புதுப்பிப்பு: அடர்த்திமானியை மட்டக்களப்புக்குக் கொண்டுபோக என்ன பத்திரங்கள் வேண்டும்?

வீதி வேலையில் மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் அணு அடர்த்திமானியை (உள்ளே சீசியம்-137, அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள்கள் இருக்கும்) அம்பாறையிலிருந்து மட்டக்களப்புக்கு ஏற்ற என்னென்ன பத்திரம் வேண்டும் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கருவி அனுமதியோடு வந்து சேர்ந்துவிட்டது.

கைகொடுத்தது, "முதலில் சிறப்பு வடிவச் சான்றிதழின் காலாவதித் திகதியைப் பாருங்கோ" என்று ஒரு அண்ணா சொன்ன யோசனைதான். கதிரியக்கப் பொருள் எளிதில் உடையாத மூடிய உறைக்குள் இருக்கிறது என்று காட்டும் சான்றிதழ் அது. கருவியோடு வந்த பிரதி காலாவதியாகியிருந்தது. உற்பத்தியாளரிடம் கேட்டதும் புதுப்பித்த பிரதியை மின்னஞ்சலில் அனுப்பினார்கள். அப்புறம்தான் அனுப்புநர் பத்திரத்தில் ஐ.நா. எண் (அபாயகரமான சரக்கின் வகையைக் காட்டும் எண்) 3332 என்று எழுத முடிந்தது. அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் அதே ஏ வகைப் பொதிக்கு (குறித்த அளவுக்கு உட்பட்ட கதிரியக்கப் பொருளை ஏற்றும் பொதி) எண் 2915 ஆகிவிடும்.

எதிர்பாராதது ஒன்று: பொதியில் ஒட்டும் மஞ்சள்-2 கதிரியக்க லேபிளில் எழுதும் போக்குவரத்துச் சுட்டெண் (ஒரு மீற்றர் தூரத்தில் கதிர்வீச்சு மணிக்கு எத்தனை மில்லிசீவர்ட்டோ, அதன் 100 மடங்கு) பத்திரத்திலும் அப்படியே இருக்க வேண்டும். அவசரகால அறிவுறுத்தல் தாளைச் சாரதியின் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கோ, பெட்டிக்குள் அல்ல.