குருதியமுக்கத்துக்கு மூன்று மருந்தும் ஒரே குளிசையில்: முதல் நாளே எழுதலாமா?

வெள்ளவத்தை வைத்தியர்
2018இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்த 'டிரையம்ப்' ஆய்வைப் பற்றி நேற்று நான்கு இளம் வைத்தியர்களிடம் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. மனம் கனத்துப்போனது, ஏனென்றால் அது நம் நாட்டு ஆய்வு. இலங்கையின் 11 வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 700 நோயாளர்களிடம் நடந்தது. குருதியமுக்க மருந்துகளான டெல்மிசார்டன் 20, அம்லோடிபின் 2.5, சிறுநீர் பெருக்கியான குளோர்தலிடோன் 12.5 மில்லிகிராம், மூன்றும் ஒரே குளிசையில். ஆறு மாதத்தில் குருதியமுக்கம் இலக்குக்குள் வந்தவர்கள் 70 சதவீதம். வழமையான சிகிச்சையில் 55 சதவீதம். பக்கவிளைவால் மருந்தை நிறுத்தியவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். நாமோ இன்னும் அம்லோடிபின் 5 மட்டும் எழுதி, "அடுத்த மாதம் வாருங்கள்" என்று அனுப்பிக்கொண்டிருக்கிறோம். மட்டக்குளியிலிருந்து வருகிறவருக்கு ஒவ்வொரு கிளினிக் நாளும் ஒரு நாள் கூலி.

தெமட்டகொடை கிளினிக்
சேர், நான் அதை வாசித்திருக்கிறேன். யாருக்கு எந்த மருந்து என்பது வைத்தியருக்கும் நோயாளிக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு அது. பார்த்தது அமுக்க அளவை. பக்கவாதம் குறைந்ததா என்று சொல்லும் அளவுக்கு அது பெரிய ஆய்வும் இல்லை. பங்கேற்றவர்களின் சராசரி வயது 56. என் வாங்கில் காத்திருப்பவர்களில் பாதிப்பேர் எழுபதைத் தாண்டியவர்கள். சென்ற மாதம் ஓர் அம்மா தள்ளாடி, பேச்சுக் குழறி வந்தார். குருதியில் சோடியம் 118, மிகவும் குறைவு. காரணம் சிறுநீர் பெருக்கி மருந்து. தனிக் குளிசை என்பதால் அதை மட்டும் நிறுத்தினேன். மூன்றும் சேர்ந்திருந்தால் எல்லாவற்றையும் அல்லவா நிறுத்த வேண்டும்?

வெள்ளவத்தை வைத்தியர்
அந்த அம்மாவுக்கு நானும் எழுதமாட்டேன், தங்கச்சி. ஆனால் இந்தக் குளிசையில் ஒவ்வொரு மருந்தின் அளவும் எவ்வளவு சிறிது என்று பாருங்கள். 354 ஆய்வுகளைத் தொகுத்த 2003ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, மருந்தைப் பாதியாகக் குறைத்தாலும் அமுக்கம் இறங்குவதில் ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது என்று காட்டியது. பக்கவிளைவோ அதைவிட மிகுதியாகக் குறைகிறது. ஒன்றை உச்சத்துக்கு ஏற்றுவதைவிட மூன்றைச் சிறிதாகக் கொடுப்பது இதனால்தான்.

மருதானை மருந்தாளர்
மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, மூன்றில் எது கிடைத்ததோ அதையாவது வாங்கிப் போனார்கள். எல்லாம் ஒரே குளிசையாக இருந்து அதுவும் வராமல் போயிருந்தால் வெறுங்கையோடு போயிருப்பார்கள். அதே நேரம், மூன்று பெட்டி எழுதிய சீட்டோடு வந்து "ஒன்றை மட்டும் தாருங்கள், சம்பளம் வரட்டும்" என்பவர்களையும் நாள்தோறும் பார்க்கிறேன்.

தெமட்டகொடை கிளினிக்
இன்னொன்று, சேர். அதே ஆய்வின் பிந்திய பகுப்பாய்வில், இலக்கை எட்டாதவர்களுக்கு மருந்தைக் கூட்டாமல் விட்டது முக்கூட்டுக் குளிசைக் குழுவில்தான் அதிகம். மூன்று கொடுத்தாயிற்று என்று கை ஓய்ந்துவிடுகிறது. என் பயம் அதுதான்.

வெள்ளவத்தை வைத்தியர்
சரியாகப் பிடித்தீர்கள். அது குளிசையின் குற்றமல்ல, எங்கள் குற்றம். அறுபத்தைந்துக்குக் குறைந்தவர், சிறுநீரகம் நன்றாக உள்ளவர், மேல் அமுக்கம் 160ஐத் தாண்டியவர்: இவர்களுக்கு முதல் நாளே எழுதுவேன். சோடியம், பொட்டாசியம் பரிசோதனையையும் ஆறாம் வாரத் திகதியையும் அதே சீட்டிலேயே குறித்துவிடுவேன்.

தெமட்டகொடை கிளினிக்
ஆறாம் வாரம் எனக்குப் பிந்தியது, சேர். சோடியத்தை இரண்டாம் வாரமே பார்க்க வேண்டும். அப்படியென்றால் ஐம்பது வயதுக்காரருக்கு நானும் எழுதுகிறேன். எழுபதுக்கு மேல் இல்லை.