‘போஸ்’ என்பதற்குக் ‘கோலம்’: வினைத்தொகையோடு ஒரு முன்மொழிவு

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

ஆடை விளம்பரத்துக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் படம் எடுத்துக்கொள்ளும் இளையவர்களுக்காக நம் தோழி ஒருவர் எழுதும் கையேட்டிலிருந்துதான், படத்துக்காக உடலை அமைத்துக்கொள்ளும் ‘போஸ்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற கேள்வி பிறந்தது. அவருக்கு அகராதியில் உறங்கும் சொல் உதவாது. ‘இடுப்பைச் சற்றுத் திருப்பு, தோளைத் தளர்த்து’ என்று போகும் வாக்கியத்துக்கு நடுவில் இடறாமல் உட்காரும் சொல்தான் வேண்டும். இதுவரை வந்த பரிந்துரைகளை அந்தக் கண்ணோடு பார்த்தேன்.

> ‘நிலை’ எல்லோருக்கும் தெரிந்த சொல். அதையே வைத்துக்கொள்ளலாமே?

தெரிந்த சொல்தான், ஆனால் ஏற்கெனவே பல வேலைகளைச் செய்துகொண்டிருக்கிறது. ‘உடல்நிலை’ என்றால் நலத்தைப் பற்றிய பேச்சாகிவிடும். ‘படநிலை சரியில்லை’ என்றால் படம் மங்கலாக இருக்கிறது என்றே புரிந்துகொள்வார்கள். இதைவிடப் பெரிய தடை அதன் வேரில் இருக்கிறது. நிலை, ‘நில்’ என்பதிலிருந்து வருவது. தொடக்ககால ஒளிப்பட முறையான டாகுரேயின் முறை வெளியான 1839-ஐ ஒட்டிய காலத்துக்கு அது பொருந்தும். ஒளி பதிய நேரம் பிடித்ததால், தலை அசையாமலிருக்கப் பின்புறம் இரும்புத் தாங்கி வைத்துப் படம் எடுத்தார்கள். 1933-இல் மார்ட்டின் முன்காச்சி, ஹார்ப்பர்ஸ் பஸார் இதழுக்காகக் கடற்கரையில் ஓடிவரும் பெண்ணைப் படமெடுத்தார். நவநாகரிக (ஃபேஷன்) ஒளிப்படம் நிற்பதை விட்டு ஓடத் தொடங்கிவிட்டது. ஓடுவதையும் குதிப்பதையும் ‘நிலை’ என்று அழைப்பது எனக்கு ஒப்பவில்லை.

> பாவனை?

யாழ்ப்பாணத்து அன்பர் முன்பே சொல்லிவிட்டார்: இலங்கைத் தமிழில் பாவனை என்றால் பயன்பாடு, பாவனையாளர் என்றால் பயன்படுத்துபவர். தமிழ்நாட்டிலோ பாவனை என்றதும் பொய்யான நடிப்பு என்ற நிழல் விழுகிறது. தன்னம்பிக்கையோடு படத்துக்கு நிற்கக் கற்றுக்கொடுக்கும் நூலின் தலைப்பிலேயே அந்த நிழலைப் போடக் கூடாது.

தோரணை ஒருவர் நடந்துகொள்ளும் முறையைச் சொல்கிறது, உறுப்புகளின் அமைப்பைச் சொல்வதில்லை. ‘அதிகாரத் தோரணை’ சரி. ‘இன்று மூன்று தோரணைகள் பழகுவோம்’ என்றால் காதில் ஒட்டவில்லை. நாட்டியக் கலையின் கரணம் அழகான சொல், சிதம்பரம் கோபுரங்களில் 108 கரணங்களும் கல்லில் இருக்கின்றன. ஆனால் கரணம் என்பது கையும் காலும் சேர்ந்தியங்கும் ஓர் அசைவின் அலகு. சிற்பி அதில் ஒரு கணத்தைத் தேர்ந்தெடுத்துச் செதுக்கினார். நமக்கு அந்தக் கணத்துக்குத்தான் பெயர் வேண்டும்.

என் பரிந்துரை கோலம்.

உடல் அமைந்திருக்கும் விதத்துக்கு இந்தச் சொல் நம்மிடம் நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. நின்ற திருக்கோலம், இருந்த திருக்கோலம், கிடந்த திருக்கோலம் ஆகிய மூன்றையும் மதுரை கூடலழகர் கோயிலில் ஒரே விமானத்தின் மூன்று தளங்களில் காணலாம். புதுப்பொருள் எதையும் நாம் வலிந்து ஏற்றவில்லை.

கோலத்துக்குள் உடையும் அடங்கும். மணக்கோலம், போர்க்கோலம், மாறுகோலம் என்னும்போது உடலையும் அணிந்ததையும் சேர்த்தே சொல்கிறோம். மலையாளத்தில், தெய்யம் என்ற சடங்காட்டம் ஆடுபவர் பூணும் உருவத்துக்கும் கோலம் என்றே பெயர். நவநாகரிகப் படத்தில் இந்த இணைப்பு உயிரானது, ஏனென்றால் அங்கே உடல் வளைவதே துணிக்காகத்தான். 1955-இல் பாரிஸில் ஒளிப்படக்காரர் ரிச்சர்ட் அவேடன் யானைகளுக்கு நடுவே டோவிமா என்ற மாடலை எடுத்த படத்தைப் பாருங்கள். டியோர் ஆடையிலிருந்து தரைவரை வழியும் வெள்ளைப் பட்டு இடைக்கச்சையும் அவருடைய கைகளின் வீச்சையும் பிரித்துப் பார்க்க முடியாது. ‘நிலை’ இதில் பாதியைத்தான் சொல்லும், கோலம் முழுவதையும் சொல்லும்.

எனக்கு மிகவும் பிடித்த காரணம் வேறு. வினையடி பெயரோடு நேரே சேரும் வினைத்தொகைக்குக் கோலம் இசைகிறது. அமர்கோலம், சாய்கோலம், திரும்புகோலம், ஓடுகோலம்: விளக்கமில்லாமலே புரிகின்றன. (வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் ‘சாய்க்கோலம்’ என்று எழுதிவிட வேண்டாம்.) இந்த வரிசையில் இரண்டு சொற்களைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

ஒன்று, ஒசிகோலம். உடலின் எடையை ஒரு காலில் ஏற்றி, மறுமுழங்காலைத் தளர்த்தினால், இடுப்பு ஒருபுறம் உயர்ந்து தோள் எதிர்ப்புறம் சாயும். கி.மு. 5-ஆம் நூற்றாண்டுக் கிரேக்கச் சிற்பிகள் இதைக் கண்டுகொண்டார்கள். சோழர் காலத்து உமையின் செப்புத் திருமேனிகளில் இதுவே இன்னும் நெளிந்து, மூன்று வளைவு கொண்ட திரிபங்கமாக நிற்கிறது. இன்று படத்துக்கு நிற்கக் கற்பவருக்குச் சொல்லப்படும் முதல் பாடமும் ‘எடையைப் பின்காலுக்கு மாற்று’ என்பதே. ஒசிதல், பாரத்தால் வளைவதைக் குறிக்கும் பழைய வினை. அதை மீட்டுக்கொள்ள இதைவிடத் தகுந்த இடம் கிடைக்காது.

மற்றொன்று, தோழி கேட்ட ‘தன்னம்பிக்கையான போஸ்’. அதற்கு நிமிர்கோலம் என்பேன். இங்கே மனத்தின் பெயரைச் சொல்லில் வைக்காதது வேண்டுமென்றே செய்தது. விரிந்து நிமிர்ந்து நின்றால் உடலின் ஹார்மோன்களே மாறும் என்று 2010-இல் ஓர் ஆய்வு சொன்னது. பெரிய அளவில் அதைத் திரும்பச் செய்தவர்களுக்கு அந்த மாற்றம் கிடைக்கவில்லை, ஆய்வாளர்களில் முதன்மையானவரே 2016-இல் தமக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று அறிவித்தார். மனம் கேமராவுக்குத் தெரியாது. விரிந்த தோளும், பூட்டப்படாத முழங்காலும், சும்மா தொங்காமல் ஏதாவது செய்யும் கையும்தான் தெரியும். உள்ளே நடுங்கிக்கொண்டிருக்கும் பெண்ணும் நிமிர்கோலம் கொள்ளலாம் என்ற வாசலைச் சொல்லே திறந்து வைக்கட்டும்.

> வாசலில் போடும் கோலத்தோடு குழம்பாதா?

வினை பிரித்துவிடும். அது ‘கோலம் போடு’, இது ‘கோலம் கொள்’. தலைப்பிலோ தனியாகவோ வரும்போது படக்கோலம் என்று எழுதினால் போதும். படத்தில் இருப்பவர் கோலம் கொள்கிறார், ஒளிப்படக்காரர் கோலம் அமைக்கிறார். யார் செய்கிறார், யார் செய்விக்கிறார் என்பது இவற்றில் தெளிவாகப் பிரிகிறது, ‘போஸ் கொடு’ என்பதில் அது கிடைப்பதில்லை.

போஸோடு சேர்ந்து வரும் இன்னொரு சொல்லும் கையேட்டுக்கு வேண்டும். கண்ணால் மட்டும் சிரிப்பதை அமெரிக்க மாடல் டைரா பேங்க்ஸ் ‘ஸ்மைஸ்’ என்று பெயரிட்டுப் பரப்பினார். அதற்குக் கண்முறுவல் போதும். மனம் நிறைந்த சிரிப்பில் கண்ணைச் சுற்றிய தசையும் சுருங்கும் என்று பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862-லேயே எழுதிவிட்டார். ஆகவே பெயர் மிகையல்ல.

கையேட்டில் எப்படி இருக்கும் என்று எழுதிப் பார்த்தேன்:

‘நீளப் பாவாடைக்கு ஒசிகோலம் பொருந்தும். எடையைப் பின்காலில் வைத்து முன்காலைத் தளரவிடுங்கள். கைப்பேசியின் முதன்மை லென்ஸ் அகலக்கோண வகை என்பதால் அருகில் இருப்பதைப் பெரிதாக்கும். கையைக் கேமராவை நோக்கி நீட்டாதீர்கள். முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே வெளிச்சம் தெரியட்டும். மூச்சை விட்டபின் கண்முறுவலோடு நிமிர்கோலத்துக்கு மாறுங்கள்.’

எனக்கு எங்கும் இடறவில்லை. உங்களுக்கு எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.

இன்னும் முடியாத ஒன்று ‘கேண்டிட்’. எடுப்பது தெரியாமலே எடுக்கப்பட்ட படத்துக்கு அறியாப்படம் என்று ஓர் அன்பர் தந்தது நன்று. ஆனால் தெரிந்துகொண்டே தெரியாததுபோல் பக்கவாட்டில் பார்த்துச் சிரிப்பதும் அதே பெயரில்தான் உலவுகிறது. அதற்கு இயல்கோலம் சரிப்படுமா? சிங்கள முகமூடி நாடகத்துக்கும் கோலம் என்று பெயர் இருப்பதால், இலங்கை அன்பர்களுக்குப் ‘படக்கோலம்’ என்றதும் அது முந்திக்கொண்டு வருகிறதா என்பதையும் எழுத வேண்டுகிறேன்.

அன்புடன்