பொருள்: 'எழுத்துச் சிதைவு' வேண்டாம், 'குறிமயக்கம்' வைக்கலாம்

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு குறியாக்கத்தில் (எழுத்துகளை எண்களாகக் கணினியில் வைக்கும் முறை) எழுதிய கோப்பை வேறொன்றில் திறந்தால் எழுத்துகள் தாறுமாறாகத் தெரியும். இதைக் குறிக்கும் மொஜிபாக்கே என்ற ஜப்பானியச் சொல்லுக்கு, நம் அகராதிக்காக இங்கே ஓர் அம்மையார் முன்வைத்த 'எழுத்துச் சிதைவு' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. 'சிதைவு' என்று கேட்டவர், கோப்பே கெட்டுவிட்டது என்று நினைத்து அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்.

போன மாதம் இங்கே பெங்களூரு அல்சூரில் டிடிபி (கணினி அச்சுக்கோப்பு) செய்யும் நண்பரின் கடையில் இருந்தேன். பொங்கல் மலருக்கு மின்னஞ்சலில் வந்த கட்டுரை முழுக்க, தலையில் கீற்றுப் போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்துமாகக் கிடந்தது. "ஃபைல் கெட்டுப்போச்சு சார், பெரியவரையே மறுபடி அடிச்சு அனுப்பச் சொல்லிட்டேன்" என்றார் நண்பர். கட்டுரை எழுதிய அந்தப் பெரியவருக்கு எண்பது வயது, ஒரு விரலால் தட்டுகிறவர். எனக்கு மனசு கேட்கவில்லை. இன்று பரவலாக உள்ள யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் (ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண்). முதலாவது 224, அடுத்தது 174 அல்லது 175. அதை விண்டோஸ்-1252 (மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய குறியாக்கம்) என்று நினைத்துப் படித்தால் 224 கீற்று 'ஏ' ஆகிறது, 174 வட்ட 'ஆர்' ஆகிறது. பைட்டுகள் வந்தபடியே இருந்தன. குறியாக்கத்தை மாற்றித் திறந்ததும் கட்டுரை முழுசாக வந்துவிட்டது.

ஒரு வேற்றுமை உருபு இன்னொரு வேற்றுமையின் பொருளில் வந்தால் 'வேற்றுமை மயக்கம்' என்கிறோம். இங்கேயும் ஒன்றில் எழுதியதை இன்னொன்றாகப் படிக்கிறோம். அதனால் 'குறிமயக்கம்'. தலைசுற்றல் என்றல்லவா ஜனங்கள் நினைப்பார்கள் என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நினைத்தாலும் கெடுதலில்லை, மயக்கம் தெளியக்கூடியது என்பது எல்லோருக்கும் தெரியும். 'குறிமயக்கம் தெளிவித்தல்' என்று வினையும் கையோடு கிடைக்கிறது.

கோப்புப் பெயரில் கேள்விக்குறி வருவது வேறு சங்கதி. விண்டோஸின் பழைய 'ஆன்சி' குறிப்பக்கங்களில் (எழுத்துகளுக்கு எண் தரும் அட்டவணைகள்) தமிழுக்கென்று ஒன்று கிடையாது. அவற்றை நம்பி எழுதிய பழைய மென்பொருளில் 'கணக்கு' என்ற பெயர் 6 கேள்விக்குறியாகிவிடும் (கண்ணுக்கு 4 எழுத்து, ஆனால் கணினிக்குப் புள்ளியும் உகரக்குறியும் தனிக் குறிகள்). அந்தப் பெயர் போனது போனதுதான். இதற்கு 'எழுத்திழப்பு' என்று தனிச் சொல் வேண்டும். வெறும் கட்டம் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள், அதற்குப் புதுச் சொல் தேவைப்படாது.

ஒரு எச்சரிக்கையையும் அகராதிக் குறிப்பில் சேர்க்க வேண்டும். நம் புள்ளியின் மூன்றாவது பைட் 141. விண்டோஸ்-1252 அட்டவணையில் காலியாக உள்ள 5 இடங்களில் அதுவும் ஒன்று. மயங்கிய நிலையிலேயே சேமித்தால் சில மென்பொருள்கள் அதை விட்டுவிடும். பிறகு தெளிவித்தாலும் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி திரும்பாது. ஆகவே 'தெளிவிக்கும் முன் சேமிக்காதீர்கள்' என்று ஒரு வரி.

'எழுத்திழப்பு' பற்றித்தான் எனக்கு இன்னும் தயக்கம். 'குறியிழப்பு' பொருத்தமா? சொல்லுங்கள்.