புதுப்பிப்பு: சந்திரகிரி மலைக்கோட்டைக்குப் போய்வந்தோம்

சித்தூரிலிருந்து ஒரே நாளில், ஆந்திராவில் திருப்பதிக்கு அருகிலுள்ள சந்திரகிரி மலைக்கோட்டையில் ஏறிப் பார்த்துத் திரும்ப இயலுமா என்று முன்னர் கேட்டிருந்தேன். நண்பருடன் சென்றுவந்தேன், தாராளமாக இயலும். பாதையில் நிழல் குறைவு என்பதால் வெயிலுக்கு முன்பே மலையேறிவிட்டு, அடிவாரத்து ராஜமகாலைப் பிறகு பார்ப்பது நல்லது. மரத்தைச் சிறிதும் பயன்படுத்தாமல் கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து ஆகியவற்றால் எழுப்பப்பட்ட அந்த மூன்றடுக்கு மாளிகை இப்போது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம், வெள்ளிக்கிழமை விடுமுறை. 1565-ஆம் ஆண்டுத் தலைக்கோட்டைப் போருக்குப் பின் பெனுகொண்டாவுக்குப் பெயர்ந்த விசயநகர அரசு பின்னர் இங்கேதான் தலைநகரை அமைத்தது என்பதையும், 1639-இல் ஆங்கிலேயர் சென்னையில் கோட்டை கட்ட உரிமை பெற்றது அவ்வரசின் காலத்தில்தான் என்பதையும் எண்ணினால், சென்னைக்காரரான நண்பர் மாளிகையை விட்டு நகர மறுத்ததில் வியப்பில்லை. தண்ணீரை மட்டும் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.