நாட்டு உளியா, வெளிச்சரக்கா? மோல்மேன் பட்டறைக்கு எதை வாங்கலாம்

முடோன் பட்டறை கேட்டது:

வணக்கம். பர்மாவில், மோல்மேன் பக்கம் முடோனில் கதவு, ஜன்னல், நிலை செய்யும் பட்டறை. வேலை முழுக்கத் தேக்கு மரத்திலும் பியின்கடோ மரத்திலும்தான். புதிதாக ரெண்டு பையன்கள் சேர்கிறார்கள், ஆளுக்கு ஒரு செட் கைக்கருவி வாங்க வேண்டும். கால், அரை, முக்கால், ஒன்றேகால் அங்குல உளிகள், ஒரு இழைப்புளி, ரம்பம், மூலைமட்டம், சுத்தியல். கூடவே ஜெனரேட்டருக்கும் பழைய ஜப்பான் வண்டிக்கும் ஸ்பேனர் செட், பின்பக்க நிலத்துக்கு ரெண்டு மண்வெட்டி.

மூன்று வழி இருக்கிறது. ஊர்க் கொல்லரிடம் அடித்து வாங்கலாம். மியாவடி, மூசே எல்லை ஊர்கள் வழியாக வரும் தாய்லாந்து, சீனச் சரக்கைக் கடையில் எடுக்கலாம். இல்லையென்றால் ரங்கோனில் ஜப்பான் பழைய சாமான் கடை. இப்போது கையில் இருக்கும் சீன உளி பியின்கடோவில் அரை நாளில் வாய் (வெட்டும் விளிம்பு) மடிந்து போகிறது. கொல்லர் அடித்த நாலில் ஒன்று உடைந்தது, ஒன்று வளைந்தது, ரெண்டு நன்றாக ஓடுகிறது. ஒரே ஆள் அடித்தது, ஏன் இப்படி? எதற்கு எதை நம்பலாம்?

பெகு இழைப்பு:

எந்த ஊர்ச் சரக்கு என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடையாது, ஒவ்வொரு கருவியாகப் பிரிக்க வேண்டும். பல் உள்ளது, அளவு உள்ளது எல்லாம் வெளிச்சரக்கு: அரம், ரம்பம், மூலைமட்டம், ஸ்பேனர். நூற்றுக்கணக்கான பல்லை ஒரே சீராக வெட்டிக் கடினமாக்குவது கையால் ஆகாது. எடையாலும் வடிவத்தாலும் வேலை செய்வது நாட்டுச் சரக்கு: மண்வெட்டி, தா (பர்மா வெட்டுக்கத்தி), கொட்டாப்புளி (மரச்சுத்தி), இழைப்புளியின் மரக்கட்டை. உளி ரெண்டுக்கும் நடுவில் நிற்கிறது, அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு குழப்பம்.

சீன உளியைக் குப்பையில் போடுமுன் அதன் சாய்வை (வாயில் தீட்டிய சரிவை) பாருங்கள். கடை உளி பெரும்பாலும் 25 டிகிரியில்தான் வருகிறது. மெத்தென்ற மரத்துக்கு அது சரி. பியின்கடோ, ‘இருள்’ என்கிற மரத்தின் ஜாதி, ரொம்பக் கடினம். அதில் 25 டிகிரியை வைத்துக் கொட்டாப்புளியால் அடித்தால் எந்த நாட்டு உளியும் வாய் மடியும். கோணமானி தேவையில்லை. உளியின் தடிமனை அளங்கள், சாய்வின் நீளத்தை அளங்கள். சாய்வு தடிமனைப் போல் சரியாக ரெண்டு மடங்கு இருந்தால் 30 டிகிரி. ரெண்டே கால் மடங்கைத் தாண்டினால் 25 பக்கம் போய்விட்டது. ஒன்றே முக்கால் மடங்கு என்றால் 35. தேக்குக்கு 30, பியின்கடோவில் துளை அடிக்க 35. முழுச் சாய்வையும் தேய்க்க வேண்டாம். நுனியில் மட்டும், அரை மில்லி அகலத்துக்குக் கல்லில் உளியைத் தூக்கிப் பிடித்துப் பத்து இழுப்பு இழுத்தால் போதும்.

அதன் பிறகும் மடிந்தால் இரும்பு மெது. சில்லுச் சில்லாகப் போனால் இரும்பு அதிகக் கடினம், அல்லது பையன் உளியை நெம்பியிருக்கிறான். நெம்பியதென்றால் சில்லு ஒரு மூலையில் இருக்கும், கடினத்தால் போனதென்றால் வாய் நெடுக ரம்பம் மாதிரி இருக்கும்.

தேக்கைச் சாதுவான மரம் என்று நினைக்காதீர்கள். வெட்ட இலகு, ஆனால் உள்ளே மணல் சத்து (சிலிக்கா) இருக்கிறது. அது உளியின் கூர்மையை உடைக்காது, தேய்த்துவிடும். தேக்கில் உளி மழுங்கினால் இரும்பைக் குறை சொல்வதில் நியாயமில்லை, அடிக்கடி தீட்டத்தான் வேண்டும்.

துருத்தி:

ஒரே கொல்லர் அடிச்ச நாலும் நாலு விதமா போனதுக்குக் காரணம் பெரும்பாலும் இரும்பு, அடுத்தது துவைச்சல் (பழுக்கக் காய்ச்சி, அமிழ்த்திக் கடினமாக்குறது). கொல்லர் கையில எது கெடைக்குதோ அதுல அடிப்பார். வளைஞ்சது கட்டடக் கம்பியா இருக்கும். உடைஞ்சது பழைய அரத்துல அடிச்சதா இருக்கும். நல்லா ஓடுற ரெண்டும் லாரி வில்லுத்தகடு. இதைத் தீப்பொறியிலேயே கண்டுபிடிக்கலாம். சாணைச் சக்கரத்துல லேசா தொட்டுப் பாருங்க. கம்பி இரும்புன்னா பொறி நீளமா, கோடு கோடா போகும், நுனியில கிளை அதிகம் பிரியாது. வில்லுத்தகடுன்னா நுனியில பூ மாதிரி வெடிக்கும். பழைய அரம்னா சக்கரத்துக்குப் பக்கத்துலயே அடர்த்தியா வெடிக்கும்.

அதனால இரும்பை நீங்களே கொண்டு போங்க. ஜப்பான் லாரி வில்லுத்தகடு 8 மில்லிக்குக் கொறையாம வேணும். அதுல கரி (கார்பன்) ஏறக்குறைய 0.6 சதம், கொஞ்சம் குரோமியமும் இருக்கும், உளிக்கு அது போதும். ஆனா ஓடித் தேஞ்ச தகட்டுல கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கும். துருவைச் சுரண்டிட்டு மண்ணெண்ணெயில ஒரு ராத்திரி ஊறப்போடுங்க. காலையில துணியால நல்லாத் துடைச்சுட்டு சாக்கட்டித் தூளைத் தடவி அரை மணி நேரம் வைங்க. வெடிப்பு இருந்தா உள்ள போன எண்ணெய் கசிஞ்சு வெள்ளைத் தூள்ல ஈரக்கோடு விழும். கோடு விழுந்த இடத்தை வெட்டித் தள்ளுங்க.

துவைச்சல்ல மூணு விஷயம் கொல்லர்கிட்ட வாய் விட்டுச் சொல்லணும். ஒண்ணு, காந்தம் ஒட்டாத சூடு வந்து, அதுக்கு மேல ஒரு சின்ன ஏத்தம், அவ்வளவுதான். மஞ்சளா பழுக்கிற அளவுக்குப் போனா உள்ள குருணை பெருத்துடும், உடைஞ்ச இடத்தைப் பாத்தா சர்க்கரை மாதிரி மினுக்கும். உங்க உடைஞ்ச உளியை எடுத்துப் பாருங்க. சாம்பல் நிறத்துல வழவழன்னு இருந்தா சூடு சரி, வேற காரணம். ரெண்டாவது, வில்லுத்தகட்டைத் தண்ணியில போடக் கூடாது, எண்ணெயிலதான். தண்ணியில போட்டா அப்பவே வெடிக்கும், இல்ல வேலையில வெடிக்கும். எண்ணெயைக் கை பொறுக்காத அளவுக்குச் சூடு பண்ணி வைக்கணும். மூணாவது, கடினமாக்கினதும் வாயை வெள்ளையா தேச்சுட்டு, பிடிப்பக்கத்துல இருந்து மெதுவா சூடு ஏத்தணும். வாய்க்கு வைக்கோல் மஞ்சள் வந்த நொடி அணைக்கணும். பழுப்புக்குப் போனா மரத்து உளிக்கு மெது. ஊதாவும் நீலமும் வந்தா அது திருப்புளிதான், உளி இல்லை. கடினம் வாய்ப்பக்கம் ஒன்றரை அங்குலம் போதும். பிடிக்குள்ள போற வால் மெத்தென்னு இருக்கணும், அது கடினமா இருந்தாத்தான் பூண் பக்கத்துல படக்குன்னு முறியும்.

இன்னொண்ணு. புதுசா அடிச்ச உளி முதல் ரெண்டு மூணு தீட்டலுக்கு மெதுவா தெரியும். உலையில வெந்த மேல்தோல்ல கரி போயிருக்கும். அரை மில்லி தேச்சுட்டுப் பாருங்க, அடியில இருக்கிறதுதான் அசல் உளி. இதைத் தெரியாம நல்ல உளியைத் திருப்பிக் கொடுக்கிற ஆளுங்க நிறைய.

ரங்கோன் பழைய சாமான்:

துருத்தி அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனால் அவ்வளவும் பார்த்துச் செய்யும் கொல்லர் எத்தனை பேர்? பையன்களுக்கு எட்டு உளி வேண்டுமென்றால் ஜப்பான் பழைய உளிக்கே என் ஓட்டு. அதில் கடின இரும்பு மெல்லிய தகடாகத்தான் இருக்கும், மெது இரும்பின் மேல் ஒட்டி அடித்திருப்பார்கள். சாய்வைத் தீட்டினால் ரெண்டு நிறம் தனித்தனியாகத் தெரியும். பளபளப்பாக இருப்பது கடினம், மங்கலாக இருப்பது மெது. வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். கடினப் பட்டை வாயிலிருந்து எவ்வளவு நீளம் மிச்சம்? ஒரு அங்குலத்துக்குக் குறைந்தால் விட்டுவிடுங்கள். பின்பக்கத்தில் (சாய்வு இல்லாத தட்டைப் பக்கம்) இருக்கும் குழிவு வாய் வரை தேய்ந்து போயிருக்கிறதா? பின்பக்கத்தில் துருக் குழி இருக்கிறதா? முன்பக்கத் துரு போனால் போகட்டும். பின்பக்கக் குழி கூருக்கே வந்து சேரும், அங்கே வாய் பல்லாக நிற்கும்.

ஒரு எச்சரிக்கை: அந்த உளி கடினம் அதிகம், நெம்பினால் சில்லு கட்டாயம். துளைக்குள்ளிருந்து சில்லை நெம்பி எடுக்கும் பழக்கம் பையன்களுக்கு இருந்தால், முதல் ஆறு மாசம் கொல்லர் உளியே கொடுங்கள்.

முடோன் பட்டறை:

நன்றி அண்ணே. உடைந்ததைப் பார்த்தேன், சர்க்கரை மாதிரியேதான் மினுக்குது. ரெண்டு சந்தேகம். கரண்ட் இருக்கும் நேரத்தில் மோட்டார் சாணையில் போட்ட உளி ஒன்று வாயில் நீலமாகிவிட்டது, அது போச்சா? ரம்பம் எது எடுப்பது? கடையில் ஜப்பான் இழுப்பு ரம்பம்தான் நல்லது என்கிறார்கள்.

துருத்தி:

நீலமான வரைக்கும் போச்சு. அந்த நீலத்தைத் தாண்டி ரெண்டு மில்லி, கைச்சாணையில, ஈரம் விடாம தேச்சு எடுத்துடுங்க, மீதி உளி பழையபடி இருக்கும். நீலத்தைத் துடைச்சுட்டா சரியாப் போச்சுன்னு நினைக்காதீங்க, நிறம்தான் போகும், மெது அங்கயே இருக்கும். கையால சுத்துற சாணையே உங்களுக்கு மேல். கரண்ட்டும் வேண்டாம், அந்த வேகத்துல உளி வேகாது.

பெகு இழைப்பு:

இழுப்பு ரம்பம் தேக்குப் பலகையில் அழகாக ஓடும். ஆனால் இப்போது கடையில் வருவதில் பெரும்பாலும் பல் நுனி கருநீலமாக இருக்கும், அது மின்சாரத்தால் நொடியில் கடினமாக்கியது. அரம் அதில் வழுக்கும், மழுங்கினால் தகட்டையே மாற்ற வேண்டும். பியின்கடோவில் அந்த மெல்லிய பல் ஒவ்வொன்றாக உதிரும். பட்டறைக்கு, அங்குலத்துக்கு 8 பல் உள்ள தள்ளு ரம்பம் ஒன்று, பல் நுனி வெறும் இரும்பு நிறத்தில் இருப்பதாகப் பார்த்து எடுங்கள். கூட ஒரு 6 அங்குல முக்கோண அரம். ரம்பத்தைவிட அந்த அரம் நல்லதாக இருக்க வேண்டும். மலிவு அரம் ரெண்டு ரம்பத்துக்கே வழுக்கிவிடும்.

நல்ல அரம் ஒன்று கையில் இருந்தால் கடையிலேயே உளியையும் சோதிக்கலாம். வாயின் ஓரத்தில் அரத்தின் மூலையை லேசாக இழுங்கள். கண்ணாடியில் இழுத்த மாதிரி வழுக்கினால் கடினம். கொஞ்சம் கடித்தும் கடிக்காமலும் சிராய்த்தால் மர வேலைக்குப் போதும். வெல்லத்தில் இறங்கின மாதிரி இறங்கினால் வைத்துவிட்டு வாருங்கள், உளியின் மேல் எந்த நாட்டுப் பேர் குத்தியிருந்தாலும்.

இழைப்புளிக்கு அலகு வெளிச்சரக்கு, கட்டை நாட்டுச் சரக்கு. பிடாவ் (வேங்கை ஜாதி) மரத்தில் கட்டை செய்யச் சொல்லுங்கள். பியின்கடோவில் நார் ரெண்டு பக்கமும் மாறி மாறிப் படுத்திருக்கும், 45 டிகிரியில் பிய்க்கும். அலகு படுக்கும் சாய்வை 50 ஆக வைத்து, வாய் இடைவெளி ஒரு மில்லியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தள்ள பலம் கூட வேண்டும், ஆனால் பிய்க்காது.

மூலைமட்டத்தைக் கடையில் நின்றே பார்த்து வாங்குங்கள். நேரான பலகை விளிம்பில் வைத்து ஒரு கோடு, மட்டத்தைப் புரட்டிப் போட்டு அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. ரெண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். மேலே விலகினால், விலகியதில் பாதிதான் மட்டத்தின் தப்பு. 8 அங்குலத்தில் அரை மில்லி விலகினாலும் கதவு நிலைக்கு அது ஆகாது.

ரங்கோன் பழைய சாமான்:

ஸ்பேனர் பற்றி யாரும் சொல்லவில்லை. பெட்டிச் செட் வாங்கும்போது 12ம் 14ம் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஜப்பான் வண்டியில் 8 மில்லி போல்ட்டுக்குத் தலை 12, 10 மில்லிக்கு 14. மற்ற நாட்டு முறையில் அதே போல்ட்டுகளுக்கு 13ம், 16 அல்லது 17ம். மலிவுச் செட்டில் 12க்குப் பதில் 13ஐ வைத்துக் கணக்கை முடித்திருப்பார்கள். 12 தலையில் 13ஐப் போட்டுத் திருகினால் மூலை உருண்டுவிடும், பிறகு குறடுதான் கதி.

நட்சத்திரத் திருப்புளியும் அப்படித்தான். ஜப்பான் வண்டி, ஜப்பான் ஜெனரேட்டர் ஸ்க்ரூவில் தலை ஓரத்தில் சின்னப் புள்ளி இருந்தால் அது அவர்கள் அளவு. சாதாரணப் பிலிப்ஸ் திருப்புளி அதில் முழுதாக இறங்காது, மேலே ஏறி வந்து பள்ளத்தை வழித்துவிடும். பழைய சாமான் கடையில் ஜப்பான் திருப்புளி 2ம் நம்பர் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குரோம் வனேடியம் என்று குத்தியிருப்பதை மட்டும் நம்பி எதையும் வாங்க வேண்டாம், குத்துவதற்குக் காசு கிடையாது.

துருத்தி:

மண்வெட்டி மறந்துட்டோம். தகட்டை அழுத்தி, கண்ணை (காம்பு நுழையுற வளையம்) தனியா வெல்டு வச்சதை எடுக்காதீங்க, வேர் இருக்கிற மண்ணுல வெல்டு ஓரமா கிழியும். கொல்லர் கண்ணோட சேர்த்து ஒரே துண்டா அடிச்சதுதான் வேணும். கண் பக்கம் தடிப்பு, வாய் பக்கம் மெல்லிசு. வாய்க்குப் பழுப்பு நிறத் துவைச்சல், உளி மாதிரி மஞ்சள் வேண்டாம், கல்லுல பட்டா சில்லு போகும். மடிஞ்சா குத்தமில்லை, அரத்தால ரெண்டு இழுப்பு இழுத்தா சரியாயிடும். காம்புக்கு மிச்சத் தேக்கைப் போடாதீங்க. பட்டறையில சும்மா கெடக்குதேன்னு தோணும், ஆனா அடி அதிர்ச்சிக்குத் தேக்கு படக்குன்னு முறியும். நார் நேரா ஓடுற வேற வைரமான மரமா பாருங்க. முடிச்சு ஒண்ணுகூடக் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ள இருக்கக் கூடாது.

மே மாசம் மழை பிடிக்கிறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் தையல் மெஷின் எண்ணெய்த் துணியால துடைச்சு வைங்க. சமையல் எண்ணெய் வேண்டாம், பிசுக்காகித் தூள் ஒட்டும். உளியைத் தேக்குத் தூள்லயும் சொருகி வைக்காதீங்க, தூள் ஈரத்தை இழுத்து வச்சுக்கும். ஐப்பசியில எடுத்தா பின்பக்கம் குழி குழியா இருக்கும்.