குழுவில் கேலி செய்துவிட்டேன், மன்னிப்பை எங்கே கேட்பது?

மதுரை மாடித்தோட்டம்:
எங்கள் மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுவில் 180 பேர். நானும் ஓர் அட்மின். போன செவ்வாய்க்கிழமை, புதிதாகச் சேர்ந்த ஓர் அம்மா "செம்பருத்தியில் மாமா பூச்சி வெள்ளையா அப்பியிருக்கு, என்ன செய்ய?" என்று கேட்டிருந்தார். மாவுப்பூச்சி என்று பார்த்ததுமே புரிந்தது. ஆனாலும் "மாமாவுக்கு விருந்து வைத்து அனுப்புங்க" என்று எழுதினேன். அதன் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். ஒருவர் "முதலில் தமிழ் எழுதப் பழகுங்கள்" என்றார். அதையும் நான் தடுக்கவில்லை. கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

ராத்திரி அவர் விலகிவிட்டார். இப்போதெல்லாம் யாராவது விலகினால் அட்மின்களுக்கு மட்டும்தான் காட்டும், அதனால் மற்றவர்களுக்குத் தெரியவும் இல்லை. அவரைச் சேர்த்துவிட்ட தோழி பிறகு சொன்னார்: அந்த அம்மாவுக்குக் கண் பார்வை மங்கல், போனில் பேசித்தான் எழுதுகிறாராம். போன் 'மாவு'வை 'மாமா' என்று போட்டிருக்கிறது. மனசு கேட்கவில்லை. தனியாகக் கேட்டால் போதும் என்கிறார் இன்னோர் அட்மின். போதுமா?

பழைய மடற்குழுக்காரன்:
போதாது. 180 பேர் முன்னால் சொன்னதை அவர்கள் முன்னால்தான் திரும்பப் பெற வேண்டும். ஆனால் முதலில் போன் செய்யுங்கள்.

எழுத்தில் முகம் தெரியாது. அதற்காகத்தான் 1982-இல் ஸ்காட் ஃபால்மன் என்ற கணினி அறிவியலாளர், வேடிக்கையாகச் சொல்வதைக் காட்ட :-) குறியைப் போடலாம் என்றார். உங்கள் குழுவில் அதே சிரிப்பு கல்லாக விழுந்திருக்கிறது. 1995-இல் வந்த இணைய நடத்தைக் குறிப்பு, ஆர்.எஃப்.சி. 1855, உணர்ச்சிவசப்பட்டு எழுதும் பதிலை ஓர் இரவு தள்ளி அனுப்பச் சொன்னது. கேலிக்கும் அந்த ஓர் இரவு வேண்டும் என்பேன்.

கீரைப்பாத்தி:
ஒன்றே ஒன்று. அவர் கண் விஷயத்தைக் குழுவில் எழுதிவிடாதீர்கள். அது அவர் சொந்த விஷயம். அப்புறம், காரணம் தெரிந்ததால்தான் மன்னிப்பு என்றாகிவிடும். பார்வை நன்றாக இருந்து, பள்ளிக்கூடமே போகாதவர் அப்படி எழுதியிருந்தால் சிரித்திருக்கலாமா?

மதுரை மாடித்தோட்டம்:
கீரைப்பாத்தி, அந்தக் கேள்வி ராத்திரி முழுக்கக் குடைந்தது. காலையில் குழுவில் இவ்வளவுதான் போட்டேன்: "செவ்வாய்க்கிழமை ஒரு கேள்வியைக் கேலி செய்தேன். அட்மினாக மற்றவர்களையும் தடுக்கவில்லை. தவறு என்னுடையது. கேட்டவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்." நாலு பேர் தங்கள் பொம்மையை எடுத்துவிட்டார்கள்.

அப்புறம் அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். நான் சொல்லி முடிப்பதற்குள், "சரி தம்பி, அந்தப் பூச்சிக்கு என்ன அடிக்கிறது?" என்றார். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், சாயங்காலமாக இலையின் அடிப்பக்கமும் நனைகிற மாதிரி அடிக்கச் சொன்னேன். மெதுவாக இன்னொரு தரம் சொல்லச் சொன்னார், சொன்னேன். குழுவுக்குத் திரும்ப வருவாரா என்று நான் கேட்கவில்லை.